மண்டபமா, மைதானமா?



சென்ற மாதம் எங்கள் பங்குப் பேரவை கூடியபோது மேசைமீது ஒரு வரைபடம் விரிக்கப்பட்டது. ஆலயத்தின் வடபுறத்தில், வேப்பமரங்களுக்கும் கல்லறைச் சுவருக்கும் இடையே கிடக்கும் வெற்று நிலத்தில் திருமண மண்டபம் ஒன்று எழுப்பலாம் என்பது திட்டம். அந்த நிலத்தில்தான் நம் இளைஞர் மாலைதோறும் கைப்பந்து ஆடுகின்றனர்.

"சாமீ, பசங்க பந்தாடற எடத்துல காசு மொளைக்குமுங்களா? மண்டபங் கட்டுனா முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாடகை வருமுங்க" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் தந்நலம் கருதிப் பேசியவர் அல்லர். தொடக்கப்பள்ளியின் கூரை மழைக்கு ஒழுகுகிறது. ஆலயத்தைப் புதுப்பித்த கடனில் பாதி இன்னும் நிற்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அத்திட்டத்திற்கு முதலில் தலையசைத்தவன் நானே.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் கல்லறை அருகே குடியிருக்கும் மூதாட்டி ஒருவர் என்னைத் தேடி வந்தார். தம் கணவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லிவிட்டு, "மைதானத்த மூடப் போறீங்களாமா சாமி?" என்று கேட்டார். அவர் கணவர் 2021 மே மாதத்தில் கொரோனா நோயால் இறந்தவர். அம்மாத இறுதியில், நாள்தோறும் கண்டறியப்பட்ட நோயாளரின் எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையும் மிஞ்சியிருந்தது நினைவிருக்கும். உறவினர் அஞ்சி ஒதுங்கினர். குழி வெட்டுபவரும் காய்ச்சலில் படுத்திருந்தார். அன்று உடல் முழுதும் மூடிய கவச உடையணிந்து குழி தோண்டி, உடலை இறக்கி, மண் தள்ளியவர்கள் அறுவர். அறுவரும் நம் கைப்பந்துக் குழுவினர்.

அதற்கு முன்பெல்லாம் பந்து விழுந்து ஓடு உடைந்ததென்று அவர்களை அந்த அம்மையார் ஏசாத வாரமில்லை. தம் வீட்டில் விழுந்த இரண்டு பந்துகளைத் திருப்பித் தராமலே வைத்திருந்தவர் அவர். "அந்தப் பந்தாடற பசங்கதானுங்க சாமி, பெத்த மக்களாட்டம் வந்து தூக்குனாங்க" என்று அன்று சொல்லிக் கண்கலங்கினார். அன்றிரவு நான் வரைபடத்தை மறுபடியும் விரித்துப் பார்த்தேன். எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த அறுவரையும் சேவைக்கு வரும்படி நான் பிரசங்கம் செய்து அழைத்ததில்லை. பின் எங்கே கற்றார்கள்? கைப்பந்து ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்தால் ஒன்று விளங்கும். தன்னிடம் வந்த பந்தை எவனும் கையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அடுத்தவனுக்கு உயர்த்தித் தந்தே ஆகவேண்டும். மூன்று தொடுதலுக்குள் பந்து வலையைத் தாண்ட வேண்டும். ஒருவன் தவறினால் அருகிலிருப்பவன் பாய்ந்து விழுந்தேனும் அதை எடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படிப் பழகிய கால்கள், ஒரு வீட்டில் துயரம் விழுந்தபோது தாமாகவே ஓடின.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1841 டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவத் திருநாளன்று, இத்தாலியின் தூரின் நகரில் இளங்குருவான ஜான் போஸ்கோ திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பூசைக்கு உதவத் தெரியாது என்று சொன்ன ஓர் ஏழைச் சிறுவனைக் கோவிற்பிள்ளை அடித்து விரட்டினார். குருவானவர் அவனை அன்புடன் திரும்ப அழைத்தார். படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார். எதற்கும் தெரியாதென்றே விடை வந்தது. சீழ்க்கையடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. பார்த்தலோமேயு கரெல்லி என்னும் அந்தக் கட்டட வேலைச் சிறுவனிடமிருந்து தொடங்கியதுதான், செபமும் மறைக்கல்வியும் விளையாட்டும் ஒருங்கே நிகழ்ந்த 'ஒரட்டரி' என்னும் இளைஞர் இல்லம்.

ஆனால் அச்சிறுவர் கூட்டத்திற்கு நிலையான இடம் எளிதில் கிடைக்கவில்லை. கல்லறைக் கோவில் ஒன்றின் முற்றத்தில் ஆடினார்கள். ஒரே நாளில் முறையீடு எழுந்தது. மாவாலைகளின் அருகே கூடினார்கள். கூச்சல் பொறுக்கவில்லை என்று அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டனர். புல்வெளி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். புல்லின் வேர் வரை மிதிபட்டுவிட்டதென்று நிலத்துக்காரர் கைவிரித்தார். முடிவில் 1846 ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழாவன்று, பினார்தி என்பவரின் தாழ்ந்த கொட்டகையும் அதைச் சுற்றிய நிலமும் அவர்களுக்குப் புகலிடமாயின.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1854 கோடையில், அதே நகரில் காலரா பரவியது. நோயாளியைத் தொடுவதற்கே மக்கள் நடுங்கிய நேரம். தொன் போஸ்கோ தம் பிள்ளைகளிடம் உதவி கோரினார். முதலில் 14 பேரும் அடுத்து 30 பேருமாக 44 இளைஞர் பெயர் கொடுத்தனர். வினிகரால் கைகளைக் கழுவிக்கொள்ளும்படி அவர்களுக்குக் கற்பித்து, வீடு வீடாக அனுப்பினார். நோயுற்றோருக்குப் போர்த்தத் துணி போதாதபோது அவருடைய தாய் மார்கரீத்தா அம்மையார் இல்லத்துத் துணிகளையெல்லாம் எடுத்துக் கொடுத்து, இறுதியில் பீடத்து விரிப்பையும் தந்தார் என்பர். அந்த 44 பேரில் ஒருவரையும் நோய் தொடவில்லை என்பதைச் சலேசிய சபையினர் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். 1906-இல் தஞ்சைக்கு வந்து தமிழ்நாட்டில் தம் பணியைத் தொடங்கிய அச்சபையினர் சென்ற இடமெல்லாம் பள்ளியோடு விளையாட்டுத் திடலையும் அமைத்ததன் காரணம் இதுவே.

அன்பர்களே, எவருக்கும் தொல்லையாகத் தோன்றிய அந்தக் கூச்சலைத் தூரின் நகரம் அன்று அடியோடு அடக்கியிருந்தால், காலரா வந்தபோது யார் வந்திருப்பார்கள்?

எனினும் விளையாட்டு தன்னளவில் புண்ணியம் ஆகிவிடாது. வெற்றிக் கோப்பைக்காக இரு தெருவார் கைகலந்த திருவிழாவையும், பரிசுப் பணம் அன்றிரவே மதுக்கடைக்குப் போனதையும் இதே கண்களால் கண்டவன் நான். பந்தயத்தில் ஓடுவோரைப் பற்றி எழுதிய புனித சின்னப்பர், அவர்கள் அழிந்துபோகும் வாகைக்காகவே இத்தனை தன்னடக்கம் பயில்கிறார்கள் என்பதையும் சுட்டிக்காட்டி, நம்மை அழியாத வாகையை நோக்கித் திருப்புகிறார். தொன் போஸ்கோவும் பிள்ளைகளிடம் பந்தைக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய் அமர்ந்தவர் அல்லர்; அவர்களோடு தாமும் ஓடினார். அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றும் அவருடைய கல்வி முறையின் தூண்கள். பெரியவர் எவருமில்லாத மைதானம் பாதுகாப்பற்ற மைதானம். ஆகவே பெற்றோரை நான் கேட்பது பணம் மட்டுமன்று. மாதத்தில் ஒரு மாலைப் பொழுதேனும் வந்து அந்த வேப்பமரத்தடியில் அமருங்கள். உங்கள் பெண்மக்களையும் அனுப்புங்கள். அவர்களுக்கெனத் தனி நேரமும் எறிபந்துக்குரிய வலையும் ஒதுக்கப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலைகளில் நம் வாயிற்கதவுக்கு வெளியே சில இளைஞர் நின்று ஆட்டத்தைப் பார்க்கின்றனர். மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களிற் பலர் நம்மைப் போலவே திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். மூங்கிலை வளைத்து மட்டையாக்கி ஹாக்கி ஆடும் ஊர்களில், ஆட்டுக்கடாவைப் பரிசாக வைத்துப் போட்டி நடத்தும் ஊர்களில் பிறந்தவர்கள். 1975-இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடிய மைக்கேல் கிண்டோ சிம்டேகா மாவட்டத்துப் பழங்குடி மகன். இந்திய அணியின் தலைவராக விளங்கிய திலீப் திர்க்கி சுந்தர்கர் மாவட்டத்தவர். அத்தகைய மண்ணின் பிள்ளைகள் நம் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். நாமோ உள்ளே ஆடுவதற்கு ஆள் போதவில்லை என்கிறோம்! மண்டபம் கட்டினால் அவர்கள் உள்ளே வர அழைப்பிதழ் வேண்டும். மைதானத்திற்கு அது வேண்டியதில்லை.

ஆயினும் பள்ளிக் கூரை ஒழுகுவது பொய்யன்று. கடனும் பொய்யன்று. மைதானத்தை வைத்துக்கொள்வோம் என்று சொல்பவர், அந்தச் சுமையில் தம் பங்கையும் ஏற்க வேண்டும். மாத வருமானத்தில் ஒரு சிறு தொகையைக் குடும்பம்தோறும் ஈராண்டுக்கு ஒதுக்கினால் மண்டபம் இல்லாமலே இரண்டையும் தீர்த்துவிடலாம் என்பது என் கணக்கு. இளைஞரும் சும்மா இருக்கப் போவதில்லை. கூரை வேலைக்கு விடுமுறை நாட்களில் தம் கைகளைத் தருவதாகக் கூறியிருக்கின்றனர். அடுத்த மாதம் பேரவை மீண்டும் கூடுகிறது. என் வாக்கு எதற்கென்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். முடிவு உங்களுடையது.

இளைஞர் ஆடும் மைதானம் உங்கள் பங்கிலும் இருக்கலாம். அதன்மீது விரிக்கப்பட்ட ஒரு வரைபடமும் இருக்கலாம். கையெழுத்திடுமுன் ஒரு மாலை அங்கே போய் நின்று பாருங்கள். மீட்புற்ற எருசலேமின் அடையாளமாகச் சக்கரியா இறைவாக்கினர் கண்டது, தெருக்களில் கோலூன்றி அமர்ந்திருக்கும் முதியோரையும் அவர்கள் முன்னே நிறைந்து விளையாடும் சிறுவர் சிறுமியரையும் அல்லவா?

நேற்று மாலை அந்த மூதாட்டி மறுபடியும் வந்தார். முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த இரண்டு பந்துகளை என் மேசைமீது வைத்தார். காற்றிறங்கிச் சுருங்கியிருந்தன. "காத்தடிச்சாச் செரியாப் போகுமுங்க சாமி" என்றார்.

நம் பிள்ளைகளின் தோழராம் இயேசு உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!