மலிவான கருவியும் மலியாத மருந்தும்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போரில் ஒரு பிரிவினர், சுட்டபின் விழும் பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து வீட்டிலேயே மீண்டும் தோட்டாவாக்குகின்றனர். 2020-இல் கரோனா தீநுண்மிப் பரவலின்போது கடைகளில் தோட்டாக்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், புதியவர்கள் பலரின் கவனம் இதன்பக்கம் திரும்பியது. சொந்தப் பயன்பாட்டுக்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால் மட்டுமே தேவை. "மலிவான கருவி ஒன்றை வாங்கிவிட்டால் விலையேற்றத்திலிருந்து தப்பிவிடலாம்" என்பதே புதியவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பாதி மட்டுமே சரி.

கருவியைப் பொருத்தவரை சிக்கனம் சாத்தியமே. விஸ்கான்சின் மாநிலத்தின் லீ பிரிசிஷன் நிறுவனம், சுத்தியலால் தட்டி இயக்கும் எளிய கருவித் தொகுப்பை நெடுங்காலமாக விற்று வருகிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் ஒற்றைநிலை அழுத்துக்கருவி, தொடர்ச்சியாகப் பல வேலைகளைச் செய்யும் இயந்திரத்தைவிட விலை குறைவு. தவறு நேர்ந்தால் கண்ணில் படும் வாய்ப்பும் அதிகம். எனவே, தொடக்கநிலையாளருக்கு மலிவானதே பொருத்தமானதாகவும் அமைந்துவிடுகிறது.

சிக்கனம் கூடாத இடங்கள் இரண்டு: எடை பார்க்கும் தராசு, மருந்தின் அளவுகளை வரையறுக்கும் அண்மைக்காலக் கையேடு. இத்தொழிலில் எடையின் அலகு கிரெய்ன். ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும். கையையோ கண்ணையோ இழந்தபின், மிச்சம் பிடித்த டாலர்களால் என்ன பயன்?

இனி, கணக்கின் மறுபாதி. தோட்டாவின் நான்கு பாகங்களான கூடு, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றில் மீண்டும் பயன்படுவது கூடு மட்டுமே. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை வீட்டில் செய்வது பேராபத்து. வாங்கியே தீர வேண்டும். அமெரிக்காவில் அதைப் பெருமளவில் தயாரிக்கும் முக்கியப் பெயர்கள் நான்கு. அவற்றில் ஃபெடரல், சிசிஐ, ரெமிங்டன் ஆகிய மூன்றும் 2024 நவம்பரில் செக் குடியரசின் சிஎஸ்ஜி குழுமத்தின் வசமாயின. எஞ்சிய வின்செஸ்டர், ஓலின் நிறுவனத்தினுடையது.

வெடிமருந்தின் நிலையும் இதுவே. அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழைகள் அதற்கு முக்கிய மூலப்பொருள். அந்த இழைகளுக்கு ஐரோப்பா பெரிதும் சீனாவைச் சார்ந்திருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கியபின் பீரங்கிக் குண்டுகளுக்கான தேவை பெருகியதால், ராணுவங்களும் விளையாட்டுத் துப்பாக்கியாளரும் ஒரே மூலப்பொருளுக்குப் போட்டியிட வேண்டிய நிலை உருவானது. இந்தப் போட்டியில் யார் முந்துவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தட்டுப்பாட்டு நாள்களில் தோட்டா கிடைக்காதபோது பிரைமரும் கிடைப்பதில்லை. இரண்டையும் செய்வது பெரும்பாலும் அதே ஆலைகள்தான். தோட்டாவுக்குக் கிராக்கி ஏறினால், பிரைமரைத் தனியாக விற்பதைவிடத் தங்கள் தோட்டாக்களில் பொருத்துவதையே அவை விரும்பும்.

ஆகவே, வீட்டுப் பட்டறையில் கிடைப்பது சேமிப்பும் துல்லியமும் மட்டுமே; தற்சார்பு அல்ல. புதிதாக இறங்குவோர் கருவியின் விலையைக் கேட்பதற்கு முன்னர், பிரைமரும் மருந்தும் தடையின்றிக் கிடைக்குமா என்று கேட்பதே விவேகம். கருவி ஒருமுறைச் செலவு. மருந்து தீராச் செலவு. அதன் விலையோ வாங்குபவரின் கையில் இல்லை; போர்க்களங்களும் ஆலை முதலாளிகளுமே அதைத் தீர்மானிக்கின்றனர்.