கேஸ் அடிப்பது ரிப்பேர் அல்ல!

மார்ச் மாதம் வந்தால் போதும், எங்கள் சிம்ஹகட் ரோட்டு ஏசி கடைகளில் ஒரே வசனம்தான். "கேஸ் பரூன் டாக்தோ, சாஹேப்." கேஸ் நிரப்பி விடுகிறேன் ஐயா என்று அர்த்தம். பழைய கான்டெசாவோ, பிரீமியர் 118 என்.ஈ.யோ, எது போய் நின்றாலும் இதே மருந்து. போன வருஷம் அடித்த கேஸ் எங்கே போச்சு என்று கடைக்காரரும் சொல்வதில்லை, வண்டிக்காரரும் கேட்பதில்லை. அடுத்த மார்ச்சில் அதே வண்டி, அதே கடை, அதே வசனம்.

கேஸ் என்ன பெட்ரோலா, எரிந்து தீர்ந்து போவதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சரக்கு அது. பழைய ஹோஸ்களில் வருஷத்துக்குக் கொஞ்சம் கசியும், அது வேறு. ஒரே வருஷத்தில் ஏசி சூடாகக் காற்று விடுகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

வீட்டு ஃபிரிட்ஜைப் பாருங்கள். பல வருஷம் கேஸ் அடிக்காமலே ஓடுகிறது. மோட்டாரும் காம்ப்ரஸரும் ஒரே இரும்புக் குடத்துக்குள் வெல்டு செய்து மூடப்பட்டிருப்பதுதான் காரணம். கார் காம்ப்ரஸருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எஞ்சின் பெல்ட் அதைச் சுற்ற வேண்டும் என்பதால் ஷாஃப்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றுகிற ஷாஃப்டைச் சுற்றி கேஸ் வெளியேறாமல் காவல் காப்பது விரல் நுனி அளவு ஷாஃப்ட் சீல் ஒன்றுதான். அந்தக் காவல்காரனுக்குச் சாப்பாடு, கேஸோடு சேர்ந்து சுற்றுகிற எண்ணெய்.

நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இங்கேதான் இருக்கிறது. சென்னையில் வருஷம் முழுக்க ஏசி ஓடும். சீல் எப்போதும் எண்ணெயில் நனைந்திருக்கும். கடக்வாஸ்லாவில் ஜூனில் மழை இறங்கினால் ஏசி பொத்தானை யாரும் தொடுவதில்லை. மழை முடிந்தால் குளிர். ஒன்பது மாசம் சும்மா கிடந்த சீல் காய்ந்து, விறைத்து, மார்ச்சில் கசிகிறது. வாரத்துக்குப் பத்து நிமிஷம் ஏசியை ஓட விட்டால் சீலின் ஆயுசு கூடும். தம்பிடி செலவில்லாத இந்த வைத்தியத்தை எந்தக் கடையிலும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் மார்ச் வியாபாரம் என்னாவது?

எங்கள் வங்கித் தொழிலில் இதற்குச் சரியான பெயர் உண்டு: எவர்கிரீனிங். பழைய வட்டியைக் கட்ட முடியாதவனுக்குப் புதுக் கடன் கொடுத்து, அந்தப் பணத்திலேயே வட்டியைக் கட்ட வைத்து, கணக்கு நன்றாக இருப்பதாகக் காட்டுவது. 2015-ல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு என்று உட்கார்ந்து கிளறியபோதுதான் பச்சையாகத் தெரிந்த கணக்குகளில் எத்தனை பட்டுப் போனவை என்று வெளியே வந்தது. ஓட்டை ஏசிக்குக் கேஸ் அடிப்பதும் அதே வித்தைதான். குளிர்ச்சி வருகிறது, வாடிக்கையாளர் சிரிக்கிறார், ஓட்டை அப்படியே இருக்கிறது. கேஸோடு எண்ணெயும் வெளியேறுகிறது. கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் ஒரு நாள் காம்ப்ரஸர் வறண்டு இறுகிவிடும். அதுதான் வாராக்கடன்.

அப்போது இரண்டாவது வசனம் வரும்: "சீல் எல்லாம் கிடைக்காது, காம்ப்ரஸரையே மாத்திடுங்க." வேறு சிலர் கசிவடைப்பான் டப்பா ஒன்றை ஊற்றி விடுவார்கள். அவற்றில் ஈரம் பட்டால் இறுகும் ரகங்கள் உண்டு. உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வே அடைத்துக்கொள்ளும்.

முறையான வேலை என்ன, ராக்கெட் விஞ்ஞானமா? சாண்டன் 508 மாதிரியான காம்ப்ரஸரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கிளட்ச்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, கசிவு அங்கேதானா என்று பார்க்க வேண்டும். இருக்கும் கேஸை மெஷினில் திரும்ப எடுக்க வேண்டும். கிளட்ச் தட்டையும் புல்லியையும் புல்லர் போட்டுக் கழற்றி, சர்க்ளிப்பை எடுத்து, பழைய சீலை உருவி, புதியதன் முகத்தில் விரல் படாமல் எண்ணெய் தடவி உட்கார வைக்க வேண்டும். கிளட்ச்சைத் திரும்ப மாட்டும்போது இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர். பிறகு புது டிரையர், அரை மணி நேரமாவது வேக்யூம், குறைந்த எண்ணெய்க்கு ஈடு, கடைசியில் எடை போட்டுக் கேஸ். கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு நாள் வேலை. ஷாஃப்டில் கீறல் விழுந்திருந்தாலோ பேரிங் ஆடினாலோ சீல் நிற்காது. அப்போது காம்ப்ரஸரை மாற்றச் சொல்வது நியாயம். ஆனால் கழற்றிப் பார்க்காமலே சொல்வது எந்த ஊர் நியாயம்?

"என் காசு, என் கேஸ், உனக்கென்ன?" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆர்-12, ஓசோனைத் தின்பது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கட்டுக்குள் வந்தது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்து, 2010-க்குள் அந்த வகை வாயுக்களை ஏறத்தாழ முழுசாக நிறுத்தியது. பின்னால் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ, சுமார் 1,400 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அதையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் கிகாலி திருத்தத்தை 2021-ல் இந்தியா ஏற்றது. தில்லியில் கையெழுத்துப் போட்டால் ஆயிற்றா? நம்ம வண்டியில் ஓட்டை அப்படியே இருக்கிறதே!

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. ஒரு நாள் கூலி கேட்பவரை விட்டுவிட்டு, அரை மணியில் கேஸ் அடிப்பவரிடம் வண்டியை விடுவது வாடிக்கையாளர்தான். முப்பது வருஷத்துக் காரைப் பிள்ளை மாதிரி துடைத்துப் பாலிஷ் போடுகிறோம் என்று பெருமை பேசுகிறவர்கள், கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "போன வருஷம் அடிச்ச கேஸ் எங்கே போச்சு?" அதற்குப் பதில் சொல்லாதவருக்கு வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.