சோறு போடாதே!

சென்ற வாரம் பத்தாம் வகுப்பில் வேதாரணியம் உப்பு சத்தியாக்கிரகத்தைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். திருச்சிராப்பள்ளியில் உபாத்தியாயராக இருப்பவனுக்கு அந்தப் பாடத்தில் ஒரு சௌகரியம் உண்டு. தேச சரித்திரத்தைத் தேடி டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போக வேண்டியதில்லை. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தம் தொண்டர்களுடன் புறப்பட்டது இதே ஊரில், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்துதான். அந்த ராஜன் பிறந்ததோ காவேரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில்.

தொண்டர்கள் சுமார் நூறு பேர். நடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய 240 கிலோ மீட்டர். வழியெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. அந்த ஜில்லாவின் கலெக்டர் தார்ன் துரை கெட்டிக்காரர். நடந்து போகிறவர்களை அடித்தால் ஊர் கொதிக்கும். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களைப் பிடித்தாலோ, நடை தானே நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. ஆகையால், தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ கொடுத்தால் சிறைவாசம் என்று எச்சரிக்கை செய்தார். தஞ்சாவூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்க விட்டார்கள். ஆற்றங்கரையில் உணவைப் பாத்திரத்தோடு புதைத்து, இடத்துக்கு அடையாளம் காட்டினார்கள். ஏப்ரல் 28-ஆம் தேதி யாத்திரை வேதாரணியம் போய்ச் சேர்ந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழ்க் குடும்பங்கள் வசிக்கும் கொட்டப்பட்டு முகாமிலிருந்து வருகிறவன், அதிகம் பேசாதவன்.

“ஸார், அந்தக் கலெக்டர் வெள்ளைக்காரர் என்பதால் அந்த உத்தரவு தப்பா? இல்லை, யார் போட்டாலும் தப்பா?”

அந்தச் சமயம் பார்த்து மணி அடித்தது. பதில் தெரியாத ஆசிரியனுக்கு மணியோசையைப் போன்ற உற்ற நண்பன் வேறு இல்லை. ஆனால் அந்தக் கேள்வி மணியோடு கலைந்து போகவில்லை. என்னோடு பஸ் ஏறி, காவேரிப் பாலத்தைக் கடந்து, ஸ்ரீரங்கத்து வீடு வரையில் வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. நம் காலத்திலும் பல தேசங்களில் மனித உரிமைச் சங்கங்களை வெளியேற்றும் காரியம் நடந்து வருகிறது. “நாட்டை விட்டுப் போ” என்று நேராகச் சொல்லுகிற சர்க்கார்கள் சில. “தாராளமாக இரு, ஆனால் உனக்குச் சோறு வராது” என்று சொல்லுகிற சர்க்கார்கள் பல. இரண்டாவது வழி தார்ன் துரை கண்ட வழிதான்.

நம் தேசத்தையே எடுத்துக் கொள்வோம். வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் சட்டம் முதன் முதலில் பிறந்தது 1976-இல், நெருக்கடி நிலையின் நடுவில். 2010-இல் ஒரு கட்சியின் ஆட்சி அதைப் புதிதாக எழுதி, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்தது. 2020-இல் வேறொரு கட்சியின் ஆட்சி இன்னும் இறுக்கியது. வெளிநாட்டுப் பணம் முதலில் புது டில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வர வேண்டும். அப்பணத்தில் ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்கு உதவக் கூடாது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. முன்பு இந்த வரம்பு ஐம்பதாக இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வக்கீல் கட்டணம், வண்டிச் செலவு, அறிக்கை எழுதும் செலவு எல்லாம் நிர்வாகச் செலவில் சேர்ந்தவை. கிணறு வெட்டும் சங்கத்துக்கு இது பெரிய தொல்லையல்ல. கோர்ட்டுக்குப் போவதும் கிராமம் கிராமமாக விசாரித்து அறிக்கை எழுதுவதுமே வேலையாக உள்ள சங்கம் என்ன செய்யும்?

அதே 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் இந்தியக் கிளை, டில்லிக் கலவரத்தில் போலீஸார் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி ஓர் அறிக்கையும், காஷ்மீர நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கையும் வெளியிட்டது. செப்டம்பர் 10-ஆம் தேதி அதன் பாங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. 29-ஆம் தேதி, இந்தியாவில் தன் வேலையை நிறுத்திக் கொள்வதாக அது அறிவித்தது. சர்க்கார் தரப்பையும் சொல்ல வேண்டும். முறையான அனுமதி கிடைக்காததால், பணத்தைத் தொழில் முதலீடு என்ற பெயரில் சுற்றி வளைத்துக் கொண்டு வந்தார்கள். முந்தைய ஆட்சியும் இவர்களுக்கு அனுமதி மறுத்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்பது உள்துறையின் பதில். ஆம்னெஸ்டி இக்குற்றச்சாட்டை மறுத்தது.

இவ்விஷயத்தை எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரிடம் பிரஸ்தாபித்தேன். அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் அணா குறைந்தாலும் ராத்திரி தூக்கம் வராத மனிதர்.

“வாத்தியாரே, நீர் சொல்வது விசித்திரமாக இருக்கிறது. அன்னியன் பணத்தை வாங்கிக்கொண்டு நம் வீட்டுக் குப்பையை ஊருக்குக் காட்டுகிறவனைத் திண்ணையில் உட்கார வைத்து உபசாரம் செய்ய வேண்டுமா?” என்றார்.

“குப்பை இருக்கிறதா, இல்லையா, மாமா?” என்றேன்.

“அது வேறு கேள்வி.”

“அதுதான் முதல் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.”

பெரியவர் சொன்னதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அன்னியப் பணம் நோக்கமில்லாமல் வருவதில்லை. எந்தச் சுதந்திர தேசமும் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறுவது கட்டற்ற உரிமையல்ல என்று சுப்ரீம் கோர்ட்டும் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்து, 2020-இன் திருத்தங்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. ஆனால் கணக்குக் கேட்பது ஒன்று. கணக்கைச் சாக்காக வைத்து வாயை மூடுவது வேறு. முன்னதில் குற்றத்தைச் சொல்லுவார்கள், ரூபாயைச் சொல்லுவார்கள், நீதிபதியின் முன் நிரூபிப்பார்கள். பின்னதில் “பாதகமான தகவல் கிடைத்திருக்கிறது” என்பதோடு விஷயம் முடிந்துவிடும். 2021-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று அன்னை தெரஸாவின் சபைக்கு இப்படிச் சொல்லித்தான் அனுமதி புதுப்பிக்க மறுக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் அனுமதி திரும்பக் கிடைத்தது. வந்த தகவல் எது, அது எங்கே போயிற்று என்று பொது ஜனங்களுக்கு விளக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் மத்திய அமெரிக்காவிலுள்ள நிகரகுவா, அதே சபையின் 18 கன்னிகாஸ்திரீகளை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டது. அங்கும் காரணம் கணக்கு வழக்குத்தான்!

இந்த வேற்றுமையை நமக்குக் கற்பித்தது நம் மாகாணத்து வழக்கு ஒன்றே. 1950-இல் சென்னை சர்க்கார், மக்கள் கல்விச் சங்கம் என்ற ஒரு சங்கத்தைச் சட்ட விரோதமானது என்று அறிவித்தது. பாரிஸ்டர் வி. ஜி. ராவ் வழக்காடினார். ஹைகோர்ட்டிலும் ஜயம்; 1952 மார்ச்சு 31-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டிலும் ஜயம். தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ஒரு சங்கம் ஆபத்தானது என்று சர்க்கார் தானே நினைத்துக் கொண்டால் போதாது, அந்த நினைப்புக்கு ஆதாரம் உண்டா என்று நீதிமன்றம் பார்க்க இடம் இருக்க வேண்டும். அப்போது ஆண்டவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. சிறை சென்ற நம் தலைவர்கள்தாம். தாங்கள் முன்பு அனுபவித்த அதே சட்டத்தைத் தாங்களே நீட்டித்து எழுதினார்கள். நாற்காலியின் குணம் அது.

“அன்னியன்” என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். 1919 ஏப்ரலில், ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த சில நாட்களில், பம்பாயிலிருந்து ஒரு பத்திரிகாசிரியரைப் பிடித்துக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். அவர் பெயர் ஹார்னிமன். அவர் ஆங்கிலேயர்! நாடு கடத்தினவர்களும் ஆங்கிலேயர்கள். ஆகவே, அவர் வேற்று நாட்டவர் என்பது அவர் செய்த குற்றமல்ல. பார்த்ததை எழுதினார் என்பதே குற்றம்.

பார்க்கிறவன் போய்விட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை அந்தப் பையனின் சொந்த பூமியில் இருக்கிறது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லி, ஐக்கிய நாடுகள் ஊழியர்களையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறுமாறு இலங்கை அரசு உத்தரவிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் உரிமை பேசப் போனவர்களல்ல. அரிசியும் மருந்தும் கொடுக்கப் போனவர்கள். ஆனாலும் கண் உள்ளவர்கள் அல்லவா? கிளிநொச்சியில் ஜனங்கள் அலுவலக வாசலில் திரண்டு, “போகாதீர்கள்” என்று மன்றாடினார்கள். செப்டம்பர் 16-ஆம் தேதி வண்டிகள் புறப்பட்டுப் போயின. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. கடைசி மாதங்களில் மாண்ட குடிமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று 2011-இல் ஐ. நா. நிபுணர் குழு கூறிற்று. ஜனங்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததையும் அதே குழு எழுதியது. இலங்கை அரசு அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை. பல வருஷங்கள் கழிந்தும் அந்த வாதம் தீரவில்லை. எண்ணுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் இறந்தவர்களுக்குக் கணக்கும் இல்லை. கணக்கில் இத்தனை கண்டிப்பான உலகத்தில் இந்தக் கணக்கு மட்டும் யாருக்கும் தேவைப்படவில்லை போலும்!

இதைச் சொன்னபோது அடுத்த வீட்டுப் பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, இந்தச் சங்கங்களுக்கு நம் ஊர்க்காரனே பணம் கொடுத்தால் என்ன? அன்னியனிடம் ஏன் கையேந்த வேண்டும்?” என்று கேட்டார்.

என் தலை குனிந்தது. போன மாதம் ஓர் இளம் வக்கீல் என் வீட்டுக்கு வந்திருந்தார். போலீஸ் காவலில் அடிபட்ட ஏழைகளுக்காக வழக்காடும் சங்கம் ஒன்றைச் சேர்ந்தவர். வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்பது அவர்கள் விரதம். வருஷ சந்தா இருநூறு ரூபாய். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கும்பாபிஷேகத்துக்கும் அன்னதானத்துக்கும் கேட்டவுடன் கொடுக்கிற கை அது. பணமில்லாமலா மறுத்தேன்? ரசீதுப் புத்தகத்தில் என் பெயர் ஏறுமே என்ற பயம்! மரக்கிளையில் சோற்றைக் கட்டித் தொங்க விட்டவர்களின் வீரத்தை வகுப்பில் வாய் நிறையப் பேசுகிற வாத்தியார் இவர்!

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, “யார் போட்டாலும் தப்புதான், தம்பி. நம்மவர் போட்டால் சொல்வதற்குச் சற்று அதிக தைரியம் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அன்று மாலையே வக்கீலைத் தேடிப் போய்ச் சந்தாவைக் கட்டினேன். ரசீதைப் பெரியவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் இரண்டு பக்கங்களையும் பரிசோதித்தார்.

“என் பெயருக்கும் ஒன்று போடச் சொல்லும்,” என்றார். “ஆனால், வாத்தியாரே, வருஷக் கடைசியில் வரவு செலவுக் கணக்கை நான் பார்ப்பேன். அதையும் சொல்லிவிடும்!”