இடது ஓரத்து நெரிசல்

2024 ஜூலையில் ரியல் மாட்ரிட் கால்பந்துக் கோஷ்டியார் கிலியான் எம்பாப்பேயை வரவேற்றபோது, அவரைப் பார்க்க மட்டும் சுமார் 80,000 ஜனங்கள் மைதானத்தில் கூடினார்கள். வினீசியஸ், ரொட்ரிகோ, பெல்லிங்ஹாம் முன்னமே இருக்க, இவரும் வந்து விட்டால் எதிரிகளின் கதி என்ன?

அடுத்த பந்தய வருஷத்தில் எம்பாப்பே ஸ்பானிஷ் லீக்கில் 31 கோல் போட்டது வாஸ்தவந்தான். ஆனால் பட்டம் பார்சிலோனாவுக்குப் போயிற்று. அதே பார்சிலோனாவிடம் மாட்ரிட் நான்கு முறை தோற்றது. ஐரோப்பியப் பந்தயத்திலோ ஆர்ஸனல் இரண்டு ஆட்டங்களிலுமாகச் சேர்த்து 5-1 என்று வென்று வீட்டுக்கு அனுப்பிற்று.

காரணம் காண மகா மேதை வேண்டியதில்லை. எம்பாப்பேக்கும் வினீசியஸுக்கும் பிரியமான இடம் இடது ஓரமே. (என் வகுப்பிலும் ஜன்னலோரத்துக்கு இப்படிப் போட்டியிடும் கெட்டிக்காரப் பையன்கள் இருவர் உண்டு, நடு பெஞ்சி காலியாய்க் கிடக்கும்.) கோல் வாசலில் நின்று தலையால் முட்டும் ஹொசேலு அந்தக் கோடையிலேயே விலகினார். நடுவிலிருந்து பந்தை அளந்து அனுப்பும் டோனி குரூஸ் ஓய்வு பெற்றார். அவர் ஸ்தானத்துக்கு அவ்வருஷம் ஒருவரையும் வாங்கவில்லை!

அன்று என்னைக் கேட்டிருந்தால், முதலில் குரூஸுக்கு ஒரு வாரிசைத் தேடச் சொல்லியிருப்பேன். தலையால் முட்டுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதேயில்லை. 2025-ல் கிளப்புகளின் உலகக் கோப்பைப் பந்தயத்தில் 4 கோல் போட்ட கொன்சாலோ கார்சியா, அவர்களுடைய சொந்தப் பயிற்சிச் சாலையில் வளர்ந்த பிள்ளைதான்.