விடுமுறையும் கைத்தொழிலும்

கோடை விடுமுறை வந்துவிட்டால், குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி சென்னை நகரில் வீடுதோறும் எழுவது வழக்கம். கடற்கரைக்கும் சினிமாவுக்கும் கடைவீதிக்கும் போய்வருவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் விடுமுறையில் ஒரு பகற்பொழுதையேனும் முட்டுக்காட்டிலுள்ள தக்ஷிணசித்ராவுக்கு ஒதுக்கவேண்டுமென்று பெற்றோரை வற்புறுத்துகிறோம். வேடிக்கைக்காக அல்ல, தேசத்தின் நன்மையை முன்னிட்டே இதைச் சொல்லுகிறோம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், 1996-ஆம் வருஷம் திறக்கப்பெற்ற கலாகேந்திரம் அது. டெபோரா தியாகராஜன் அம்மையாரின் முயற்சியால் உருவாயிற்று. லாரி பேக்கர் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதற்குத் திட்டம் வகுத்தார். தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பிரதேசங்களில் இடிபடும் நிலையிலிருந்த பழைய வீடுகள் பலவற்றை வாங்கி, தூணும் கதவும் உத்தரமும் சிதையாமல் பிரித்தெடுத்து, அங்கே மீண்டும் நிலைநாட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வர்த்தகரின் வீடும், மலையாளத்துச் சிரியன் கிறிஸ்தவரின் மரவீடும், இல்கல் நெசவாளரின் வீடும், குயவரின் வீடும் ஒரே எல்லைக்குள் நிற்கின்றன. மாளிகைகளையும் கோபுரங்களையும் மாத்திரமே சரித்திரமென்று கற்ற குழந்தை, சாமானிய ஜனங்கள் குடியிருந்த வீடும் சரித்திரமே என்பதை அங்கே கண்ணால் காண்கிறது.

எனினும் அவ்விடத்தின் உண்மையான உபாத்தியாயர் வீடல்ல, குயவரின் சக்கரமே. சுழலும் களிமண்ணில் குழந்தை கைவைக்கிறது. மண் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்துவிடுகிறது. அதே மண்ணைக் குயவர் தொட்டதும் பானையாய் எழுகிறது. புத்தகத்தில் நூறு பக்கம் படித்தும் பெறமுடியாத பாடம் இது. கையால் உழைப்பவன் அறிவில் குறைந்தவன் என்று நமது வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் சொல்லாமற் சொல்லிவரும் பொய் அந்த ஒரு நிமிஷத்தில் உடைந்துபோகிறது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழக்கூடும். கைத்தொழிலைப் புகழ்வது பழைய ஜாதிக் கட்டுப்பாட்டைப் புகழ்வதாகாதா என்று நண்பர் சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. 1953-ஆம் வருஷம் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு மறந்துவிடவில்லை. பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் தகப்பனார் தொழிலைப் பழகட்டும் என்றது அத்திட்டம். குலக்கல்வி என்று ஜனங்கள் அதைக் கண்டித்தார்கள். மறு வருஷமே காமராஜ் மந்திரிசபை அதைக் கைவிட்டது. ஜனங்களின் தீர்ப்பு சரியானதென்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் 1937-இல் வார்தா கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த கொள்கை வேறு. பிறப்பு எதுவாயினும் எல்லாக் குழந்தைகளும் ஒரு கைத்தொழிலின் வழியாகக் கல்வி பெறவேண்டுமென்பது அது. குயவர் மகன் மாத்திரம் மண் பிசையவேண்டுமென்றால் அது அடிமைத்தனம். வக்கீல் மகளும் வியாபாரி மகனும் அதே மண்ணைப் பிசைந்து, குயவர் மகன் விரும்பினால் வக்கீலாகவும் வழியிருக்குமானால், அது சுதந்திரம். எந்தக் குலத்துக் குழந்தையும் சக்கரத்தின்முன் உட்காரும் இடத்தை நாம் வரவேற்பது இதனாலேதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கைவினைஞரைக் காட்சிப்பொருளாகப் பாவித்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவது அவருக்கு மரியாதையாகாது. குழந்தை அவர் பெயரைக் கேட்டு அறியட்டும். ‘ஐயா’ என்று அழைத்து வணங்கி விடைபெறட்டும். துணிக்கடையில் கேட்ட விலையைக் கொடுக்கும் கனவான்கள், ஓலைப்பெட்டி முடைபவரிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவதைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறக்கவேண்டாம். அன்று கற்ற பாடமெல்லாம் அந்தப் பேரத்தில் அழிந்துபோகும்.

அங்கே நுழையக் கட்டணமுண்டு, போய்வரச் செலவுமுண்டு. வசதியுள்ளவர் வீட்டுக் குழந்தைகளுக்கு அது பொருட்டல்ல. கூலிவேலை செய்வோரின் குழந்தைகள் என்ன செய்வார்கள்? நகராண்மைப் பள்ளிகளிலும் கிராமப் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறையேனும் இத்தகைய இடங்களுக்குச் சர்க்கார் செலவில் அழைத்துச் செல்வது கல்வி இலாகாவின் கடமையென்று கருதுகிறோம். இதைத் தர்மமென்று எண்ணவேண்டாம். பாடத்தின் ஒரு பகுதியென்று எண்ணவேண்டும். அந்தந்த ஊர்த் தொண்டர்களும் இதில் முன்நிற்கலாம். முட்டுக்காடு எட்டாத ஊரிலும் தறியும் சூளையும் இல்லாமற் போகா. ஒருநாள் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அங்கே அழைத்துப் போவதற்கு எந்த உத்தரவும் வேண்டியதில்லை.

அந்நியத் துணியைக் கொளுத்திச் சுதேசியத்தைக் காத்தது முன் தலைமுறை. உழைக்கும் கையை மதிக்கக் கற்காவிட்டால், அடுத்த தலைமுறையிடம் சுதேசியம் வெறும் பெயராகவே எஞ்சும். அந்த மதிப்பைப் பிள்ளைகளின் உள்ளத்தில் ஊன்ற விடுமுறையில் ஒருநாளை ஒதுக்குவது பெரிய தியாகமல்லவே!