மாயூன், மெஹந்தி, பராத்: எது மார்க்கம், எது ஊர் வழக்கம்?

உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை, குனியமுத்தூர் என்று கோவையில் நம் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளில், சில குடும்பங்களின் திருமண அழைப்பிதழ்களில் அண்மைக்காலமாகப் புதிய பெயர்கள் தென்படுகின்றன. மணப்பெண்ணுக்கு மஞ்சள் உடை உடுத்தி நலங்கு பூசும் ‘மாயூன்’, டோலக் இசையுடன் ‘மெஹந்தி இரவு’, மணமகன் ஊர்வலமாக வரும் ‘பராத்’. யூடியூபில் பாகிஸ்தானிய நாடகத் தொடர்களைக் காணும் நம் பிள்ளைகளுக்கு இவை அழகாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால், ‘முஸ்லிம் திருமணம் என்றாலே இப்படித்தான்’ என்ற எண்ணம் வேரூன்றுவதுதான் கவலைக்குரியது.

உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை பஞ்சாப் உள்ளிட்ட வடபுலத்து மண்ணின் வழக்கங்கள். மணமகன் ஊர்வலமும் மஞ்சள் பூசுதலும் மெஹந்தியும் அங்குள்ள இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் பொதுவானவை. நம் ராவுத்தர் குடும்பங்களில் கருகமணி கட்டுவது எப்படி ஊர் வழக்கமோ, அப்படியே அவையும். கோவையில் தலைமுறைகளாக வாழும் உருது பேசும் குடும்பங்களுக்கு மெஹந்தி முன்னோர் வழக்கமாக இருக்கலாம். அதில் குறை காண வேண்டியதில்லை. மார்க்கம் தடுக்காத ஊர் வழக்கத்துக்கு இஸ்லாத்தில் இடமுண்டு. ஆனால், வழக்கத்தை மார்க்கமாக்குவதற்கு இடமில்லை.

மார்க்கம் கேட்பது மிகச் சில: மணமக்களின் சம்மதம், வலீ, சாட்சிகள், மஹர், பின்னர் வலீமா. மஹரை மனமுவந்து பெண்ணுக்கே அளித்துவிடுமாறு குர்ஆன் (4:4) ஆணையிடுகிறது. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் மணமுடித்த செய்தியை, அவர்மீது இருந்த மஞ்சள் நறுமணப் பூச்சின் அடையாளத்தைக் கண்டு கேட்ட பிறகுதான் நபி (ஸல்) அவர்கள் அறிந்தார்கள். அல்லாஹ்வின் தூதருக்கே அழைப்பில்லாமல் நடந்த திருமணம் அது! ஆயினும் அண்ணலார் வருந்தவில்லை. பரக்கத்துக்காக துஆச் செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள். அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது அண்ணலார் அளித்த வலீமாவோ பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும்தான்.

இந்தக் கொண்டாட்டங்களின் சுமையைப் பாகிஸ்தானே உணர்ந்துள்ளது என்பதையும் நாம் அறிய வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே சீதனத்துக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு விதித்தது. 1997இல் திருமணங்களில் விருந்து பரிமாறுவதற்கே தடை வந்தது. பஞ்சாப் மாகாணத்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் விருந்தை ஒரே வகை உணவு என்ற அளவுக்குள் நிறுத்துகிறது. சட்டத்தின் துணையோடு அவர்கள் இறக்கிவைக்க முயலும் பாரத்தை நாம் விரும்பித் தலையில் ஏற்றிக்கொள்வதா?

அந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதே முதன்மையான கேள்வி. வலீமா மணமகன் தரப்பின் பொறுப்பு. மாயூனும் மெஹந்தியும் பராத் விருந்தும் பெரும்பாலும் பெண் வீட்டாரின் செலவு. வரதட்சணையை 1961ஆம் ஆண்டே நம் நாட்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது; ஜும்ஆ மேடைகளும் அதைக் கண்டிக்கின்றன. ஆனால் கைக்கூலி கேட்கக் கூசும் குடும்பம்கூட, ‘மெஹந்தியைப் பெரிய மண்டபத்தில் வைத்துவிடுங்கள்’ என்று கூசாமல் கேட்கிறது. வாசல் வழியே வெளியேறிய சுமை சன்னல் வழியே உள்ளே வருகிறது. திருப்பூர் பனியன் ஆலையில் தையல் வேலை செய்து மூன்று பெண்மக்களை வளர்க்கும் ஒரு தந்தைக்கு, கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு விழாவும் ஒரு கடன் பத்திரம். வசதியுள்ளவர் இன்று ஆசைக்குச் செய்வது, நாளை இல்லாதவர்மீது கடமையாக விழுகிறது.

ஆகவே மகிழ்ச்சியே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வீட்டு முற்றத்தில் உறவுப் பெண்கள் கூடி மருதாணி இடட்டும், சிறுமியர் பாடட்டும். திருமணத்தில் தஃப் அடிப்பதற்கும் பாடுவதற்கும் நபிமொழிகளில் அனுமதி உண்டு. ஆனால் ஒரு புதிய விழாவைச் சேர்க்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம்: இதன் செலவு யாருடையது? நம் மஹல்லாவின் மிக எளிய குடும்பமும் இதைக் கடனின்றிச் செய்ய இயலுமா? நிக்காஹ் பதிவின்போதே இவற்றை இரு வீட்டாரிடமும் கேட்டு அறிவுறுத்தும் வழக்கத்தை நம் ஜமாஅத்துகள் தொடங்கலாம். மணமகன் தரப்பில் ஒருவர், ‘எங்களுக்கு நிக்காஹும் வலீமாவும் போதும்’ என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

எளிமையில் பரக்கத்தைத் தேடும் குடும்பங்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.