ஆடுதானே!

"ஆட்டுக் கதையா? குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம்" என்றார் ஒரு நண்பர். ஐரோப்பிய மனோதத்துவ நாவல்களின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவர். பக்கத்திலிருந்தவர் ஒரு படி மேலே போனார்: "அது ஆடே இல்லை ஐயா! எழுதியவரின் வழக்குத்தான் நாலு காலில் நடக்கிறது."

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யைப் பற்றித்தான் பேச்சு. இருவர் மீதும் எனக்குக் கோபம்.

இரண்டாமவர் சொன்னதில் அரைப்பங்கு உண்மை இருக்கிறது. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் அவ்வூரில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில், நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, தமக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று ஆசிரியர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே பூனாச்சி வந்தது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம், ஆகவே ஆடு என்று முன்னுரையில் அவரே சொல்லிவிட்டார். அதற்காக நூல் முழுவதையும் விடுகதையாகப் படிக்க வேண்டுமா? விடுகதை என்றால் விடை தெரிந்ததும் எறிந்துவிடலாம். பூனாச்சியை அப்படி எறிய முடியாது.

அது ஒரு பெண்குட்டி வளர்ந்த கதை. பகாசுரனைப் போன்ற ஓர் ஆள் வந்து, கிழவர் ஒருவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு மறைகிறான். தாய்முகம் தெரியாத குட்டி, கிழவியின் கைச்சூட்டில் பிழைக்கிறது. அது முதலில் கற்கும் பாடம் பயம். சர்க்காரிடம் காதைக் காட்டி அடையாளம் குத்திக்கொள்கிறது. பூவன் என்ற கிடாயிடம் மனம் போகிறது. அதைக் கேட்பார் யார்? பருவம் வந்ததும் ஒரு கிழட்டுக் கிடாயிடம் கொண்டுபோய் விடுகிறார்கள். ஈன்ற குட்டிகளை விற்கிறார்கள். 'ஆடுதானே' என்கிறீர்களே, உங்கள் வீட்டுப் பெண்ணின் ஜாதகம் இப்போது யார் கையில் இருக்கிறது?

புராணத்தை ஒரு பெட்டியிலும் மனோதத்துவத்தை இன்னொரு பெட்டியிலும் பூட்டி வைத்திருக்கிறோம். முதல் பெட்டியின் சாவி கோயிலில். இரண்டாவதன் சாவி வியன்னாவில்! நாமக்கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் கொல்லிமலையைப் பாருங்கள். சங்கப் பாடல்களிலேயே பேசப்படும் பாவை அங்கே உண்டு. சிரித்து மயக்கி ஆளைக் கொன்றுவிடுமாம். ஆசையையும் சாவையும் ஒரே கல்லில் கண்ட ஜனங்களுக்கா மனம் என்றால் என்னவென்று தெரியாது?

அந்தப் பாவை உயிர்பெற்ற கல். பூனாச்சியோ கல்லாய்ப்போன உயிர். பஞ்சத்தில் தின்ன ஒன்றுமில்லாமல், வயிற்றில் மறுபடியும் சுமையோடு தளர்ந்து, கடைசியில் சிலையாகிவிடுகிறது. 'ஆகா, தெய்வமாயிற்று' என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். கிழவியை நான் குறை சொல்லவில்லை. அவளுக்கே கஞ்சி இல்லை. குறை நம்முடையது. அகாலத்தில் செத்த பெண்ணுக்குக் கல் நட்டுப் பொங்கல் வைப்பது நம் பக்கத்து வழக்கம். உயிரோடு இருந்தபோது ஏனென்று கேட்காத ஊர், செத்தபின் மாலையோடு வருகிறது. குற்றவுணர்ச்சி கும்பிடாக மாறும் அந்த இடத்தில்தான் பல புராணங்கள் பிறக்கின்றன. சேலம், நாமக்கல் சீமையின் மழை பொய்த்த மேட்டுக்காட்டிலிருந்து அதை எடுத்துக் காட்டியிருக்கிறது இந்த நாவல். இதைவிடப் பெரிய மனோதத்துவம் எந்த ஊரிலிருந்து இறக்குமதியாக வேண்டும்?

ஆங்கிலத்துக்குப் போன பூனாச்சி, 2020இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதைக் கேட்ட பிறகு முதல் நண்பரின் குரலில் கொஞ்சம் மரியாதை ஏறியிருக்கிறது. அந்த மரியாதை எனக்கு வேண்டாம். குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்றாரே, தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் முதலில் அவர் படிக்கட்டும். "பூனாச்சியை ஏன் யாரும் கேட்கவில்லை, அப்பா?" என்று அவருடைய மகள் கேட்பாள். அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளட்டும்.